புதியதைப் பழையது என்று விற்றால்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நேர்மையற்ற வணிக நடைமுறை என்றால் என்ன என்று விளக்கும் பகுதியில் ஒரு வரி உண்டு. பழைய பொருளையோ, பழுது பார்த்துப் புதுப்பித்த பொருளையோ புதியது என்று பொய் சொல்லி விற்கக் கூடாது என்கிறது அந்த வரி. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் மாறாமல் வந்து சேர்ந்தது. பிரிட்ஜும் மோட்டார் பம்பும் வாங்கி ஏமாந்தவர்களுக்கு அது எத்தனையோ முறை கை கொடுத்திருக்கிறது. அதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உலகத்தில் உண்டு. போன வருடம் வார்த்த பொருளை எண்பது வருடப் பழையது என்று சொல்லி விற்பது அது. பழமைக்கே விலை கொடுக்கும் ஒருவரை அப்படி ஏமாற்றினால், அந்தப் பட்டியலில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. அந்த இடைவெளியில் சிக்கிய ஒரு வழக்கைத் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நான் நடத்தினேன். தொகையால் சிறிய வழக்கு. ஆனால் அது எழுப்பிய கேள்விகளில் பாதிக்குத்தான் இன்றுவரை விடை கிடைத்திருக்கிறது.

என் கட்சிக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் இழைத்துத் தரும் அச்சுத் தச்சர். அவருடைய தந்தை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் பேண்டு குழுவில் கிளாரினெட் வாசித்தவர். கூடாரம் திருச்சிக்கு வரும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கோமாளிகள் முகத்தில் மாவு பூசுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை இவர். வேலைக்குப் போன பிறகு கோமாளி உருவம் கொண்ட பீங்கான் பொருள்களை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். உப்புக் குடுவை, பென்சில் கிண்ணம், சுவரில் மாட்டும் முகம், உண்டியல் என்று விளையாட்டாகச் செய்து விற்ற சாமான்கள் அவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் சில கிடைத்தன. கண் பார்வை குறைந்து பயணம் கடினமான பிறகு, மகள் கைப்பேசியில் கற்றுக் கொடுக்க, இணையத்தில் வாங்க ஆரம்பித்தார்.

2021இன் தொடக்கத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் அவர் கண்ணில் பட்டது ராயல் டவுல்டன் நிறுவனத்தின் கோமாளி முக ஜாடி. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே டோபி ஜாடிகள் செய்யப்பட்டு வந்தன. முக்கோணத் தொப்பியோடு உட்கார்ந்து குடிக்கும் ஆளின் முழு உருவம்தான் ஜாடி. பர்ஸ்லெம் ஊரில் இருந்த டவுல்டன் ஆலையில் சார்ல்ஸ் நோக் என்ற கலைஞர் அதை மாற்றி, தலையையும் தோளையும் மட்டும் ஜாடியாக்கினார். அந்த வரிசையின் முதல் ஜாடி ஜான் பார்லிகார்ன், 1934இல் வந்தது. செந்நிற முடி கொண்ட கோமாளி 1937 முதல் 1942 வரை மட்டுமே செய்யப்பட்டது. வெள்ளை முடியோடு 1951இல் திரும்பி வந்து, 1955இல் நின்றுபோனது. குறைந்த காலம் செய்த பொருள் குறைவாகத்தான் மிஞ்சும்; சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை தருவார்கள். விளம்பரம் அந்த ஜாடியை அசல், அரிதானது, 1937, செந்நிற முடி என்று வருணித்தது, உயரத்தையும் எழுதியிருந்தது. விலை 42,000 ரூபாய். ஓய்வூதியத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினார்.

இத்தகைய பொருளின் வயதை அதன் அடிப்பாகம்தான் சொல்லும். அடியில் என்ன எழுத வேண்டும் என்பதைப் பல நேரம் சட்டமே தீர்மானித்திருக்கிறது என்பது ஒரு வழக்கறிஞரான எனக்குப் பெரிய வியப்பு. அமெரிக்கா 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் 1891க்குப் பிறகு ஏற்றுமதியான பீங்கான்களில் நாட்டின் பெயர் வந்தது. ஜப்பானியப் பொருள்களில் முதலில் 'நிப்பான்' என்று இருந்தது, 1921இல் அமெரிக்கச் சுங்கத் துறை சொன்னதால் 'ஜப்பான்' ஆனது. போருக்குப் பின் 1947 முதல் 1952 வரை ஏற்றுமதியான பல பொருள்களில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரை விழுந்தது. வரி வசூலுக்காக எழுதிய விதிகள், யாரும் எதிர்பாராமல் அந்தச் சாமான்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டன. டவுல்டன் ஆலையோ தன் வசதிக்காக இன்னொரு குறிப்பையும் சேர்த்தது. சிங்கமும் கிரீடமும் உள்ள முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எண் இருக்கும். 1928இல் அது 1 என்று தொடங்கியது. அந்த எண்ணோடு 1927ஐக் கூட்டினால் செய்த வருடம் கிடைக்கும்.

ஜாடி வந்த பிறகு பல மாதம் அலமாரியில் இருந்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்து பார்வை தெளிந்த பிறகுதான் கட்சிக்காரர் அடிமுத்திரையை நிதானமாகப் படித்தார். சிங்கத்துக்குப் பக்கத்தில் 3 என்று இருந்தது. கணக்குப்படி 1930. அந்தக் கோமாளி மட்டுமல்ல, முக ஜாடி என்ற வரிசையே அந்த ஆலையில் பிறக்காத வருடம் அது. ஏதோ ஒரு பழைய தட்டின் முத்திரையைப் பார்த்து நகல் எடுத்தவர், எண்ணுக்கு அர்த்தம் உண்டு என்று தெரியாமல் அதையும் சேர்த்தே பதித்திருக்க வேண்டும். பிறகு கட்சிக்காரர் தன் தொழில் கருவியை எடுத்தார். உயரம், விளம்பரத்தில் எழுதியிருந்ததைவிட அரை அங்குலத்துக்கு மேல் குறைந்தது. என் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் அதை விளக்கிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"சார், இரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். அதனால நாங்க மர அச்சைக் கொஞ்சம் பெருசாத்தான் இழைப்போம். மண்ணு அதைவிட ரொம்பச் சுருங்கும். ஒரு ஜாடியை வச்சு அதுமேலேயே அச்சு எடுத்து மண்ணு ஊத்தினா, வர்றது எப்பவும் சின்னதாத்தான் இருக்கும். இது தாயில்ல, பிள்ளை."

நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதும் அதுதான். களிமண் காய்ந்து சுடப்படும்போது, அதன் கலவையைப் பொறுத்து, ஏறக்குறைய 5 முதல் 12 சதவீதம் வரை சுருங்கும். அசலின் மேல் அச்சு எடுத்துச் செய்த நகல் அந்த அளவுக்குக் குறையும். புருவம், மூக்கு மடிப்பு போன்ற கூரிய கோடுகளும் மழுங்கும். ஒரு பொருளை நேரில் பார்க்க முடியாதவர்கூட விற்பவரிடம் கேட்டுப் பெறக்கூடிய சான்று இது. ஜாடிக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம் ஒன்று போதும்.

வழக்கைத் திருச்சியிலேயே போட முடிந்தது புதிய சட்டத்தின் தயவு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பினர் இருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். அந்தக் காரணம் எந்த ஊரில் எழுந்தது என்பதிலேயே பல வழக்குகள் வருடக்கணக்கில் நின்றன. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அனுமதித்தது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. விற்றவர் வட இந்திய நகரம் ஒன்றின் முகவரி கொடுத்திருந்தார். பழைய விதி நீடித்திருந்தால், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அந்த ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறியிருக்க வேண்டும், அல்லது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்திருப்பார்கள்.

விற்றவருக்கு அனுப்பிய அறிவிப்பு, அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எதிர்த்து நின்றது விற்பனைத் தளம் மட்டும். அவர்களுடைய முதல் வாதம், என் கட்சிக்காரர் நுகர்வோரே அல்ல என்பது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவரைச் சட்டம் நுகர்வோர் என்ற சொல்லுக்கு வெளியே வைக்கிறது. சேகரிப்பு என்பது விலை ஏறும் என்று எதிர்பார்த்துச் செய்யும் முதலீடு, ஆகவே வணிகம் என்றார்கள். மேம்போக்காகக் கேட்டால் இந்த வாதத்தில் வலு இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு பொருள் விலை ஏறக்கூடியது என்பதால் மட்டும் அதை வாங்கியவர் வியாபாரி ஆகிவிட மாட்டார். அப்படியானால் தங்க நகை வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் நுகர்வோர் பாதுகாப்பை இழக்கும். கட்சிக்காரர் இதுவரை ஒரு பொருளைக்கூட விற்றதில்லை என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு, தந்தையையும் சர்க்கஸ் கூடாரத்தையும் பற்றி இரண்டு பத்தி எழுதினார். ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவதாக, நான் தொடக்கத்தில் சொன்ன வரியை அவர்கள் கையில் எடுத்தார்கள். சட்டம் பழையதைப் புதியதாகக் காட்டுவதைத்தான் தடுக்கிறது, எங்கள் விற்பனையாளர் செய்ததாகச் சொல்லப்படுவது அதில் வராது என்றார்கள். சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால் அது சரி. ஆனால் அதே பிரிவின் முதல் வரி, பொருளின் தரம், வகை, பாணி பற்றிப் பொய்யாகக் கூறுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் போலிப் பொருள் என்பதற்கும் விளக்கம் தருகிறது: அசல் என்று பொய்யாக உரிமை கோரப்படும் பொருள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து நான் ஒரே ஒரு வாதத்தைத்தான் வலியுறுத்தினேன். அலுமினியப் பாத்திரம் வாங்குபவருக்கு அது யார் செய்தது, எப்போது செய்தது என்பது முக்கியமில்லை, சோறு வெந்தால் போதும். கோமாளி ஜாடியை வாங்குபவர் அதில் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. அவர் 42,000 ரூபாய் கொடுத்தது மண்ணுக்காக அல்ல, 1937இல் டவுல்டன் ஆலையில் செய்தது என்ற கூற்றுக்காக. அந்தக் கூற்று பொய்யானால், அவர் வாங்கிய பொருளே அவரிடம் வந்து சேரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாதம் படிப்பாளி ஒருவருடையது. அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். நம்முடைய 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது, ஆகவே அங்குள்ள தீர்ப்புகள் நமக்கு வழிகாட்டும் என்று சொல்லி இரண்டை முன்வைத்தார்கள். ஒன்று, கப்ரியேலே முண்டர் என்ற ஜெர்மன் ஓவியரின் படைப்பு என்று சொல்லி 1984இல் 6,000 பவுண்டுக்கு விற்கப்பட்ட படத்தின் வழக்கு. அது போலி என்று பின்னர் தெரிந்தது. விற்றவர் தனக்கு அந்த ஓவியரைப் பற்றி அதிகம் தெரியாது என்று சொல்லியிருந்தார். வாங்கியவரோ அந்தத் துறையில் வணிகம் செய்பவர். வாங்கியவர் விற்றவரின் வருணனையை நம்பி வாங்கவில்லை, ஆகவே நிவாரணம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. விளம்பரத்தின் கடைசியில் சிறிய எழுத்தில் 'நாங்கள் நிபுணர்கள் அல்ல' என்று இருந்ததை எதிர்த்தரப்பு இதோடு பொருத்தியது. எங்கள் பதில், அங்கே இரண்டு வணிகர்கள் படத்தை நேரில் பார்த்துப் பேரம் பேசினார்கள் என்பது. இங்கே வாங்கியவர் பார்த்தது சில படங்களையும் சில வரிகளையும் மட்டுமே. பொருளைக் காணாமலே வாங்குபவருக்கு வருணனையைத் தவிர நம்புவதற்கு வேறு எதுவும் இல்லை. பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, வருணனைப்படி விற்ற பொருள் வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று சொல்வது இத்தகையவருக்காகத்தான்.

மற்றது, கான்ஸ்டபிள் வரைந்த சாலிஸ்பரி தேவாலயப் படம் என்று 1944இல் 85 பவுண்டுக்கு வாங்கப்பட்ட ஓவியத்தின் வழக்கு. வாங்கியவருக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் அது கான்ஸ்டபிளுடையது அல்ல என்று தெரிந்தது. தெரிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டார். 1950இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது என்று மறுத்தது. எங்கள் கட்சிக்காரரும் தளம் அனுமதித்த சில நாள் அவகாசத்துக்குள் திருப்பி அனுப்பவில்லை, பல மாதம் அலமாரியில் வைத்திருந்தார் என்பது வாதம். அந்தத் தீர்ப்பை முழுவதும் படித்தவருக்கு ஒரு விஷயம் தெரியும். விற்பனையையே ரத்துசெய்வதற்குத்தான் அங்கே காலம் கடந்தது. அவர் நஷ்டஈடு கேட்டிருந்தால் நிலைமை வேறு என்பதை நீதிபதி டென்னிங் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆகவே எங்கள் புகாரில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், அது முடியாவிட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் இரண்டையும் கேட்டிருந்தோம். நம் சட்டம் வழக்குத் தொடர இரண்டு வருடம் தருகிறது. ஒரு தளம் தன் வசதிக்காக வகுத்த சில நாள் விதி, நாடாளுமன்றம் தந்த இரண்டு வருடத்தைக் குறுக்க முடியாது.

உண்மையான சிரமம் நிரூபிப்பதில்தான் வந்தது. சோதனை செய்யாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால், பொருளை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டும். சமையல் எண்ணெய்க்கும் சிமெண்டுக்கும் ஆய்வகம் இருக்கிறது. கோமாளி ஜாடிக்கு எது தகுந்த ஆய்வகம்? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைப் பற்றியது. 1937இல் செய்த ஜாடிக்குச் சான்று தரும் கடமை அந்தச் சட்டத்தின் கீழ் எந்த அதிகாரிக்கும் இல்லை. சுட்ட மண்ணின் வயதை அளக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு, ஜாடியைத் துளைத்துத் தூள் எடுக்க வேண்டும்; அந்தச் சோதனை நூற்றாண்டுகளைப் பிரிக்க உதவுமே தவிர, சில பத்தாண்டுகளைத் தீர்மானமாகப் பிரிக்காது. சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும் தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கோ ஆய்வகம் எது என்ற கேள்வியிலேயே வாய்தாக்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு கோடைகள் கடந்தன. ஏமாந்தவரிடமே, நீ ஏமாந்ததை நாட்டில் இல்லாத ஒரு கருவியால் நிரூபி என்று கேட்பது நியாயமா என்பதை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் சட்டத்தின் வாசகத்திலேயே வழி கிடைத்தது. சோதனை இல்லாமல் கண்டறிய முடியாத குறைக்குத்தான் ஆய்வகம். கண்ணால் கண்டறிய முடிந்தால் ஆணையமே பார்க்கலாம். கட்சிக்காரருக்கு முன்பிருந்தே ஒரு யோசனை இருந்தது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அடிமுத்திரையைத் துடைத்தால், மெருகுக்கு மேல் பின்னால் ஒட்டிய முத்திரையாக இருந்தால் கரைந்து வந்துவிடும் என்றார். சேகரிப்பவர்கள் செய்யும் சோதனைதான் அது. நான் தடுத்தேன். கரைந்து வந்தால் நம்முடைய முக்கியமான சான்றும் அதோடு போய்விடும். எதிர்த்தரப்பு நாம் கெடுத்தோம் என்று சொல்லும். அதற்குப் பதிலாக நகைக்கடையில் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுபோனோம். ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் வாங்கிப் பார்த்தார்கள். முத்திரை மெருகுக்கு மேலே நின்றது. மெருகில் இருந்த மயிரிழை வெடிப்புகள் முத்திரையை வெட்டாமல் அதற்கு அடியில் ஓடின. வெடிப்புகளின் பழுப்பு நிறம் ஜாடி முழுவதும் ஒரே சீராக இருந்தது. கைபட்டும் துடைபட்டும் ஏறிய அழுக்கு அப்படி இருக்காது. மேசையில் உரசித் தேய வேண்டிய அடிவளையத்தில் தேய்மானமே இல்லை. பிறகு எண் 3க்கு உரிய கணக்கையும், சேகரிப்பாளர்களுக்கான பட்டியல் நூலையும் வைத்தோம். கடைசியாக ஒரு உறுப்பினர் அளவுகோலைக் கேட்டு வாங்கித் தாமே அளந்தார். அளந்ததை விளம்பரத்தில் இருந்த உயரத்தோடு ஒப்பிட்டு, தலைவரிடம் தாளை நீட்டினார். அசலின் அளவை எழுதிவிட்டு நகலை அனுப்பிய விற்பனையாளரின் சொந்த வாசகமே அவருக்கு எதிரான சான்றாக நின்றது.

அந்த வாசகம் எங்களிடம் இருந்ததற்குக் காரணம் கட்சிக்காரரின் மகள். வாங்கிய அன்றே விளம்பரப் பக்கத்தை முழுவதும் படமெடுத்து, விற்பவரோடு நடந்த செய்திப் பரிமாற்றத்தையும் சேமித்து வைத்திருந்தார். புகார் கொடுத்த பிறகு அந்தப் பக்கம் தளத்திலிருந்து காணாமல் போனது. கைப்பேசியில் எடுத்த படத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க, அந்தக் கருவியைக் கையாண்டவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும் என்பது அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அதே தேவை புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்துக்குக் கண்டிப்பாகக் கட்டுப்பட்டதல்ல. ஆனாலும் மகளின் சான்றிதழை இணைத்தே கொடுத்தோம். எதிர்த்தரப்பு அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேச முடியவில்லை.

தளத்தின் கடைசி அரண், தாங்கள் வெறும் சந்தை என்பது. இடத்தைக் கொடுத்தோம், விற்றவர் வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு இடைநிலையாளருக்குப் பாதுகாப்புத் தருகிறது என்றார்கள். பாதுகாப்பு உண்டு. ஆனால் அதற்கு நிபந்தனைகளும் உண்டு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், விற்பவரின் முகவரியையும் தொடர்பு விவரங்களையும் காட்ட வேண்டும் என்றும், வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தகராறைத் தீர்க்கத் தேவையான விவரங்களைத் தர வேண்டும் என்றும், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும் என்றும் சொல்கின்றன. கட்சிக்காரரின் கடிதங்களுக்கு வந்ததெல்லாம் இயந்திரம் அனுப்பிய ஒரே மாதிரியான பதில்கள். கிடைத்த முகவரி பொய்.

2024இல் உத்தரவு வந்தது. ஜாடி போலி என்பது உறுதியானது. நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வாதமும் ஏற்கப்பட்டது. விற்றவர் 42,000 ரூபாயை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், அதைப் பெற்றுக்கொண்டு புகார்தாரர் ஜாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தளம் போலியைச் செய்யவில்லை, ஆகவே விலைக்குப் பொறுப்பில்லை. ஆனால் சேவைக் குறைபாட்டுக்காகவும் செலவுக்காகவும் சேர்த்து 20,000 ரூபாய் தர வேண்டும். தளம் அந்தத் தொகையைக் கட்டியது. மீதிக்கு நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மீறியவருக்குச் சிறைத் தண்டனைகூடச் சட்டத்தில் உண்டு. ஆனால் முகவரியே இல்லாத ஒருவருக்கு எதிராக அந்த அதிகாரத்தால் எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுத்துக்கொண்ட நிறுவனம் முதலில் வாங்கியவருக்குக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த விற்பனையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய நான் விரும்பினேன். கட்சிக்காரர் வேண்டாம் என்றார். "அது போலின்னு அரசாங்கத் தாள்ல எழுதி வாங்கியாச்சு சார். என் வயசுக்கு இது போதும்."

அவருக்கு வேறு ஒரு கவலை இருந்தது. தனக்குப் பிறகு அந்த ஜாடியை யாராவது எடுத்து மறுபடியும் அசல் என்று விற்றுவிடக் கூடாது. அடியில் 'நகல்' என்று கீறி வைக்கச் சட்டம் அனுமதிக்குமா என்று கேட்டார். திருப்பிக் கொடுக்கும் கடமை பணம் வந்த பிறகுதான் பிறக்கிறது. பணம் வரும்வரை ஜாடி உங்களுடையது, தாராளமாகக் கீறலாம் என்றேன். குறையுள்ள ஜாடிகளை இரண்டாம் தரமாக விற்கும்போது டவுல்டன் ஆலையே தன் முத்திரையின் குறுக்கே ஒரு கீறல் போட்டுத்தான் வெளியே அனுப்பியது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். தான் செய்யாத தவறு இன்னொருவரைப் போய்ச் சேரக் கூடாது என்று ஒரு ஓய்வுபெற்ற தச்சர் எடுத்துக்கொண்ட அக்கறையை, அந்தப் பொருளால் லாபம் பார்த்த யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட பொருளை இணையத்தில் வாங்க நினைப்பவருக்கு இந்த வழக்கிலிருந்து நான் சொல்லக்கூடியது இதுதான். பணம் கட்டும் முன் அடிப்பாகத்தின் தெளிவான படத்தையும், அளவுகோலோடு எடுத்த படத்தையும் கேளுங்கள். யார் செய்தது, எப்போது செய்தது என்பதை விற்பவரையே எழுத்தில் சொல்ல வையுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே சேமியுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முத்திரையின் எண்ணையும், செய்த வருடத்தையும், உயரத்தையும் அன்றைக்கே ஒத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் எழுத்தில் புகார் செய்யுங்கள். பொருளைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம்.

ஆனால் இவ்வளவு எச்சரிக்கையும் வாங்குபவர் தலையில் மட்டும் ஏற்றப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நேர்மையற்ற நடைமுறைகளின் பட்டியலில் புதியதைப் பழையது என்றும், நகலை அசல் என்றும் விற்பதை ஒரு வரியில் சேர்க்க முடியும். விற்பவரைச் சரிபார்க்காமல் கடை விரிக்க விட்ட தளம், அவர் மறைந்துபோனால் விலைக்கும் பொறுப்பு என்று விதியில் இன்னொரு வரி எழுத முடியும். இந்த இரண்டு வரிகளும் முன்பே இருந்திருந்தால், என் கட்சிக்காரர் ஒரே கோடையில் தன் பணம் முழுவதையும் திரும்பப் பெற்றிருப்பார்.